இரவுக் காற்றின் மேல் ஏற்றிய பழி



இரவுக் காற்று உடலுக்கு ஆகாது என்று சொல்லிக் கேளாதவர் நம்மில் எவரும் இலர். பொழுது சாய்ந்ததும் குழந்தையின் தலைக்குத் துணி சுற்றுவதும், பனியில் நில்லாதே என்று பாட்டி கண்டிப்பதும், படுக்குமுன் சன்னலைச் சாத்துவதும் நம் வீடுகளில் வழிவழி வந்த வழக்கங்கள். இது வெறும் மூடநம்பிக்கையா, அன்றி இதில் உண்மை ஏதேனும் உண்டா? இந்தக் கேள்விக்கு விடை காண மனிதன் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக முயன்று வந்திருக்கிறான். அந்த முயற்சியின் வரலாற்றை மாத்தளை மண்ணிலிருந்து தொடங்கிக் கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

மாத்தளையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. கோப்பிப் பயிர் இலங்கையின் மலைகளிலே பரவிய பத்தொன்பதாம் நூற்றாண்டில், தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலிருந்து வேலை தேடிப் புறப்பட்ட மக்கள் கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மலைநாடு செல்ல அவர்களுக்கு வாகனம் ஏதும் இல்லை. மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக, ஏறக்குறைய 150 மைல் தூரத்தைக் கால்நடையாகவே கடந்து மாத்தளையை வந்தடைந்தனர். வடபாதை என வரலாற்று நூல்கள் குறிக்கும் வழி இதுவே. வழியெங்கும் காடு. உண்ண உணவு அருமை. குடிக்க நல்ல நீர் அதனினும் அருமை. மூட்டையைத் தலையிலும் குழந்தையை இடுப்பிலும் சுமந்து நடந்தவர்கள் இரவானதும் மரத்தடியிலோ பாழடைந்த மடத்திலோ படுத்தார்கள். படுத்தவர் எல்லோரும் எழுந்தாரில்லை.

காய்ச்சலும் பேதியும் பசியும் அவர்களைக் கொன்றன. மடிந்தவர் தொகை எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் அது பெருந்தொகை என்பதில் ஐயமில்லை. நோய் தணிக்கும் தெய்வமாகிய மாரியம்மனுக்கு மாத்தளையிலே பெருங்கோயில் எழுந்ததன் பொருளை இந்தப் பின்னணியிலே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்தனை மரணங்களுக்கும் காரணம் என்ன என்று கேட்டால், அக்காலத்து மருத்துவர் பெரும்பாலோர் காற்றையே சுட்டிக் காட்டியிருப்பர். சதுப்பிலிருந்தும் அழுகிய இலைகுழையிலிருந்தும் இரவிலே நச்சாவி எழுகிறது, அதைச் சுவாசித்தவனுக்குக் காய்ச்சல் வருகிறது என்பது அன்றைய மருத்துவக் கொள்கை. மலேரியா என்ற பெயரே 'கெட்ட காற்று' என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்தது. இரவிலே வெளியில் படுத்தவன் நோயுறுகிறான், மூடிய அறையில் படுத்தவன் பிழைக்கிறான் என்பதை அவர்கள் கண்ணாரக் கண்டார்கள். ஆகவே குற்றவாளி இரவுக் காற்றே எனத் தீர்ப்பளித்தார்கள்.

அவர்கள் கண்ட காட்சி மெய். கூறிய காரணம் பொய். 1880இல் பிரெஞ்சு மருத்துவர் லவரான், அல்ஜீரியாவில் நோயாளியின் குருதியிலே மலேரியாக் கிருமியைக் கண்டார். 1897 ஆகஸ்டு மாதத்தில் ரொனால்ட் ராஸ், ஐதராபாத்தை அடுத்த செகந்திராபாத்தில் நுளம்பின் வயிற்றிலே அதே கிருமியைக் கண்டார். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு இரவிலே கடிப்பது. சன்னலைச் சாத்தியவன் தடுத்தது நுளம்பை. தடுத்ததாக நினைத்தது காற்றை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

காரணத்தைப் பிழையாக அறிவதன் விலை பெரிது. காற்றைக் குறைகூறியவர்கள், ஆறு வற்றிய காலத்தில் தேங்கிய குட்டைகளைக் கவனித்தாரில்லை. உண்மை தெரிந்த பின்பும் போதிய ஏற்பாடு இல்லாமையால், 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையைத் தாக்கிய மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என மதிப்பிடப்பட்டது. அவ்வளவு துன்பமும் கடந்து, 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இரவுக் காற்று அந்த வழக்கிலிருந்து விடுதலை பெற்றது.

ஆனால் அந்தக் காற்று முற்றிலும் குற்றமற்றதுதானா? இங்கேதான் நம் வரலாற்றின் இரண்டாம் பகுதி தொடங்குகிறது.

காற்றின் மீது பழி சுமத்தியவர்களிடையே, அதை அளந்து பார்க்கத் துணிந்தவர்களும் இருந்தார்கள். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரப் பேராசிரியர் ஷேன்பைன், 1839இல் ஒருவகை விசித்திர மணத்தை ஆராய்ந்து ஓசோன் என்னும் வாயுவை இனங்கண்டார். ஒட்சிசன் அணுக்கள் மூன்று சேர்ந்தது ஓசோன். மாப்பசையும் பொற்றாசியம் அயடைட்டும் தோய்ந்த காகிதத்தைக் காற்றிலே தொங்கவிட்டால், ஓசோன் பட்டதும் அது நீலநிறம் கொள்ளும். நிறம் எவ்வளவு கருமையோ அவ்வளவு ஓசோன் என்று கணக்கு. ஓசோன் நச்சாவியை அழிக்கும் என அக்காலத்தார் நம்பியதால், பல நாடுகளிலும் வானிலை நிலையங்களிலே இந்தக் காகிதத்தைத் தொங்கவிட்டுப் பகலையும் இரவையும் குறித்து வைத்தார்கள். எளிய கருவிதான், எனினும் 'காற்று கெட்டது' என்று சொல்வதற்கும் 'காற்றிலே இன்ன பொருள் இவ்வளவு உண்டு' என்று சொல்வதற்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்க உதவிய முதற்படி அது.

அந்தக் காகிதத்திலும் குறை இருந்தது. ஈரம் மிகுந்தால் நிறம் மாறுபடும். காற்று வேகமாக வீசினாலும் மாறுபடும். ஓசோன் அல்லாத வேறு பொருள்களும் அதை நீலமாக்கும். பாரிஸ் நகரின் மொன்சூரிப் பூங்காவில் அமைந்த ஆய்வகத்திலே 1876 முதல் மூன்று பதிற்றாண்டுகளாக, காற்றை ஒரு கரைசலினூடே செலுத்தி, அதனைவிடத் திருத்தமான முறையில் ஓசோனை அளந்தார்கள். அந்தப் பழைய ஏடுகளை 1988இல் மீண்டும் ஆராய்ந்த இரு செருமானிய விஞ்ஞானிகள், அன்றைய காற்றில் நூறு கோடிப் பங்குக்குச் சுமார் 10 பங்கே ஓசோன் இருந்தது எனக் கண்டனர். இன்றைய காற்றில் அதனினும் பன்மடங்கு உண்டு. நூறாண்டுக்கு முன் பொறுமையோடு எழுதி வைத்த எண்கள், நம் காலத்தின் மாற்றத்தைக் காட்டும் கண்ணாடியாயின.

மாசு நிறைந்த காற்றின் இரசாயனம் வெளிப்பட்டது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலே. 1943இல் அந்நகரைக் கண்ணெரிச்சல் தரும் புகைமூட்டம் ஒன்று சூழ்ந்தது. அதன் மர்மத்தைத் துலக்கியவர் ஹாகன்-ஸ்மிட் என்னும் ஒல்லாந்தர். அவர் புகையை ஆராயும் தொழிலினர் அல்லர். அன்னாசிப்பழத்தின் மணத்துக்குக் காரணமான பொருள்களைப் பிரித்து ஆராய்ந்தவர். மணப்பொருளைச் சிறைப்பிடிக்கும் அதே முறையால் நகரத்துக் காற்றையும் சிறைப்பிடித்தார். மோட்டார் வண்டிகள் உமிழும் நைதரசன் ஒட்சைட்டுகளும் எரியாத எண்ணெயாவியும் வெயிலிலே கூடி ஓசோனைப் பிறப்பிக்கின்றன என 1950களின் தொடக்கத்தில் நிறுவினார்.

இக்கண்டுபிடிப்பு பெரிது. ஆயினும் அதன் நிழலிலே இரவு மறைந்துபோயிற்று. எல்லாம் வெயிலின் வேலை என்றால், வெயில் போனதும் காற்று உறங்கும் என்றல்லவா கருதத் தோன்றும்? முன்னே காரணமின்றிப் பழிக்கப்பட்ட இரவு, பின்னே ஆராயப்படாமலே விடுவிக்கப்பட்டது. இரண்டும் அளவாமல் அளித்த தீர்ப்புகளே.

தமிழ் இலக்கணத்தார் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் மாலை, யாமம், வைகறை என்னும் மூன்றும் இரவுக்கு உரியன. மாசடைந்த காற்றிலே இரவில் நிகழ்வதை விளக்க இந்தப் பகுப்பு மிகப் பொருத்தமாக அமைகிறது.

முதலில் மாலை. பகல் முழுதும் திரண்ட ஓசோனும், வண்டிப் புகையிலிருந்து பிறந்த நைதரசன் ஈரொட்சைட்டும் காற்றில் எஞ்சியிருக்கின்றன. அவை இரண்டும் கூடும்போது நைத்திரேற்று மூலிகம் என்னும் பொருள் பிறக்கிறது; ஒரு நைதரசனும் மூன்று ஒட்சிசனும் சேர்ந்த, எதனோடும் எளிதிற் பற்றிக்கொள்ளும் துணுக்கு அது. பகலிலும் அது பிறக்கத்தான் செய்கிறது. ஆனால் வெயில் பட்டால் ஐந்து நொடியளவிலே சிதைந்துவிடும். ஆதலால் ஞாயிறு மறைந்த பின்னரே அதற்கு ஆட்சி. பகலிற் காற்றைத் துப்புரவாக்கும் பணியை வேறொரு மூலிகம் செய்ய, இரவிலே அப்பணியின் ஒரு பகுதியை இது ஏற்கிறது.

கண்ணுக்குத் தெரியாத இந்தப் பொருளை எங்ஙனம் கண்டார்கள்? 1880களின் தொடக்கத்திலேயே பாரிஸில் இரு விஞ்ஞானிகள், ஓசோனும் நைதரசனும் கலந்த வாயுவினூடே ஒளியைச் செலுத்தியபோது, செந்நிறப் பகுதியிலே சில கரிய பட்டைகளைக் கண்டிருந்தனர். அவை இம்மூலிகம் ஒளியைக் கவர்வதால் தோன்றும் அடையாளம். அதே அடையாளத்தை 1978இல் நொக்சன் என்பவரும் அவர் துணைவரும், வானின் மேலடுக்கைக் கடந்து வரும் நிலவொளியிலே கண்டார்கள். 1979இல் செருமனியைச் சேர்ந்த பிளாட், பேர்னர் ஆகியோர் கலிபோர்னிய விஞ்ஞானிகளோடு கூடி, லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் ஒரு வலிய விளக்கை ஏற்றி, சுமார் ஒரு கிலோமீற்றர் தொலைவிலிருந்து அதன் ஒளியைப் பகுத்து நோக்கினார்கள். இருள் கவிந்ததும் அந்தக் கரிய பட்டை தோன்றியது. இலட்சம் கோடிப் பங்கில் 300 பங்குக்கும் மேலாக அம்மூலிகம் அங்கே இருந்தது. மாசடைந்த நகரின் இரவு உறங்கவில்லை என்பதற்குக் கிடைத்த முதல் அளவு அது.

அடுத்தது யாமம். நள்ளிரவை நோக்கிக் குளிர் மிக மிக, நைத்திரேற்று மூலிகம் மேலும் நைதரசன் ஈரொட்சைட்டோடு கூடி இருநைதரசன் ஐயொட்சைட்டு ஆகிறது. ஈரப்பசையுள்ள நுண்தூசியின் மேல் அது படிந்தால் நைத்திரிக்கமிலமாக மாறும். உப்புக் கலந்த தூசியாயின் குளோரீனையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். காலை வெயிலில் அந்தக் குளோரீன் விடுபடும். இதனை அளப்பதற்குப் புதிய கருவி வேண்டியிருந்தது. ஏறத்தாழ ஒரு மீற்றர் இடைவெளியில் எதிரெதிரே நிறுத்திய இரு கண்ணாடிகளிடையே ஒளியைப் பல்லாயிரம் முறை மோதித் திரும்பச் செய்தால், அது பல கிலோமீற்றர் பயணம் செய்ததற்கு ஒப்பாகும். இந்த முறையால் இரவின் நைதரசன் பொருள்களை விரைந்து அளக்க வழிகண்டவர்களுள் ஒருவர், மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் பயின்று அமெரிக்கா சென்ற ரவிசங்கரா என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது.

அத்தகைய கருவி ஒன்றை 2004இல் கொலராடோ மாநிலத்தின் 300 மீற்றர்க் கோபுரத்திலே மேலும் கீழுமாக ஏற்றி இறக்கி அளந்தார்கள். இரவில் காற்று அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்பதால், சில பத்து மீற்றர் உயர்ந்தாலே இரசாயனம் வேறுபடுவது தெரிந்தது. தரையருகே வண்டிப் புகையின் நைத்திரிக் ஒட்சைட்டு அம்மூலிகத்தை அழித்துவிடுகிறது. மேலடுக்கிலே அது தழைக்கிறது. மாத்தளை போன்ற நிலத்துக்கு இதன் பொருள் பெரிது. சுது கங்கைப் பள்ளத்தாக்கிலே நகரமும் பெருந்தெருவும். கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகளிலே தோட்டங்களும் குடியிருப்புகளும். கோபுரம் ஏறிக் கண்ட மேலடுக்கின் உயரத்திலே இங்கே மக்கள் குடியிருக்கிறார்கள். நகரத்துத் தெருவோரத்தில் அளந்த எண்ணைக் கொண்டு மலைச்சரிவில் உறங்குபவன் சுவாசிக்கும் காற்றைக் கூற இயலாது.

இன்னுமொன்று. மாத்தளை மிளகும் சாதிக்காயும் கராம்பும் விளையும் நாடு. சாதிக்காய்க்கும் மிளகுக்கும் மணம் தரும் எண்ணெய்களிலே டர்ப்பீன் என்னும் இனத்துப் பொருள்கள் உண்டு. காட்டு மரங்களும் அவற்றைக் காற்றிலே கலக்கின்றன. நைத்திரேற்று மூலிகத்துக்கு மிக விருப்பமான இரை இந்த டர்ப்பீன்கள். இரண்டும் கூடினால் நுண்துகள்கள் பிறக்கும். மரத்தின் மணம் தனியே நின்றால் தீங்கில்லை; வண்டிப் புகையோடு இரவிலே சேரும்போதுதான் அது மாசுக்குத் துணையாகிறது.

மூன்றாவது வைகறை. மலைச்சரிவிலே குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்குகிறது. மேலே வெப்பமான காற்று மூடிபோல நிற்க, விடியுமுன் எரியும் விறகடுப்பின் புகை மேலெழ வழியின்றிப் பரவுகிறது. அவ்வேளை நைத்திரசமிலம் என்னும் பொருளும் இரவெல்லாம் சேர்ந்து திரண்டு நிற்கும். முதற்கதிர் பட்டதும் அது உடைந்து, அன்றைய பகலின் இரசாயனத்தைத் தொடக்கி வைக்கிறது. எனவே பகலின் மாசுக்கு வித்து இரவிலேயே ஊன்றப்படுகிறது.

நம் அண்டை நாட்டிலே நடந்த ஆய்வுகள் சிலவற்றையும் கூறவேண்டும். தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தார், தீபாவளி இரவின் காற்றை அளந்து, கம்பி மத்தாப்பு எரியும் வேளையில் வெயிலின் உதவியின்றியே ஓசோன் பிறக்கிறது என 2001இல் அறிவித்தனர். மத்தாப்பின் ஒளியிலுள்ள புறவூதாக் கதிரே ஒட்சிசனை உடைக்கிறது என்பது அவர்தம் விளக்கம். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 2023இல் வெளியிட்ட ஆய்வு, தில்லியின் குளிர்கால இரவிலே விறகும் சருகும் எரிந்த ஆவி குளிர்ந்து நுண்துகள்களாக விரைந்து வளர்வதைக் காட்டியது. அதே நகரில் நடந்த மற்றோர் ஆய்வோ, தரையருகே நைத்திரிக் ஒட்சைட்டு மிகுதியாயிருப்பதால் நைத்திரேற்று மூலிகம் அங்கே தலையெடுக்க இயலவில்லை என்றது. லாஸ் ஏஞ்சலிஸ் இரவு வேறு, தில்லி இரவு வேறு. ஓரூரின் அளவை மற்றோரூருக்குக் கடன் வாங்க முடியாது.

மாசு ஓரூரிலே நில்லாது என்பதும் உண்மை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே பயின்ற வீ. இராமநாதன், நோபல் பரிசாளர் குருட்சனோடு இணைந்து 1999இல் நடத்திய இந்து சமுத்திர ஆய்வு, வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலே துணைக்கண்டத்தின் புகைமூட்டம் கடலைக் கடந்து வெகுதூரம் பரவுவதைக் காட்டியது. 2022 டிசம்பரில் இலங்கையின் காற்றுத் தரம் மிகவும் தாழ்ந்து, அம்மாதம் 9ஆம் நாள் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

நம் நாட்டிலே வளியின் தரத்துக்கு 1994இல் சட்ட அளவுகள் வகுக்கப்பட்டன. 2008இல் அவை திருத்தப்பட்டன. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. மலைகள் சூழ்ந்த கண்டி நகரின் காற்றைப் பற்றிப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எச்சரித்திருக்கிறார்கள். இவையெல்லாம் நல்ல தொடக்கங்கள். ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரி 50 என அந்தத் திருத்தம் எல்லை வகுத்தது. எடுத்துக்காட்டாக, பகலில் 20ம் இரவில் 80ம் இருப்பின் சராசரி சரியாக 50 ஆகும். ஏட்டிலே குற்றமில்லை, ஆனால் விறகுப் புகை தேங்கிய லயத்து அறையிலே இரவெல்லாம் படுத்திருந்த குழந்தை சுவாசித்தது 80. சில நாட்களோ வாரங்களோ தொங்கவிட்டு எடுக்கும் சிறு குழாய்களும் இத்தகைய சராசரியையே தரும். மலிவும் எளிமையும் அவற்றின் சிறப்பு. இரவைத் தனியே காட்டாமை அவற்றின் குறை.

ஆகவே வேண்டுவது யாது? விலையுயர்ந்த கருவிகளை எல்லா ஊரிலும் நிறுவுதல் எளிதன்று. மணிக்கு மணி நுண்துகளையும் ஓசோனையும் நைதரசன் ஈரொட்சைட்டையும் குறிக்கும் நிலையம் ஒன்று பள்ளத்தாக்கிலும் ஒன்று மலைச்சரிவிலும் இருந்தால், இரவின் கதையிற் பெரும்பகுதி விளங்கிவிடும். விளங்கினால், விறகடுப்புக்குப் புகைபோக்கி வேண்டுமா, வண்டிப் புகைக்குக் கட்டுப்பாடு வேண்டுமா, எது முதலில் என்று ஊரார் தெளிந்து முடிவு செய்யலாம்.

வடபாதையில் நடந்து வந்து மாண்ட மக்களின் மரணத்துக்குக் காற்று காரணம் என்றார்கள்; அளந்து பார்த்தாரில்லை. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று மாத்தளையின் மலைகளிலே வாழ்கிறார்கள். அவர்கள் பொருட்டு இரவுக் காற்றை மீண்டும் கூண்டில் நிறுத்த நேர்ந்தால், இம்முறை ஊகத்தைச் சாட்சியாக அழைக்கவேண்டாம், எண்களை அழைப்போம். குற்றம் உண்டெனில் அதைத் திருத்த வழி தெரியும். இல்லையெனில் சன்னலை அச்சமின்றித் திறந்து வைக்கலாம்.